விளக்கக்காரரும் மசித்த உருளைக்கிழங்கும்

கடவுள் ஆறாம் நாளில் படைத்த உயிர்களில் ஒன்றை மட்டும் வேதப்புத்தகத்தில் எழுதாமல் விட்டுவிட்டார்கள். அதுதான் விளக்கக்காரர். ஆதாம் தோட்டத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மிருகத்துக்கும் பேர் வைத்துக்கொண்டிருந்தானே, அன்றைக்கு அவன் தோளுக்குப் பின்னால் நிச்சயமாக ஒருவர் நின்றிருப்பார். "வௌவாலைப் பறவைக் கூட்டத்துல சேத்துட்டியேப்பா, அது குட்டி போட்டுப் பால் கொடுக்குற ஜாதியாச்சே" என்று ஆரம்பித்திருப்பார். ஏவாள் ஏன் அந்தப் பாம்போடு போய்ப் பேசினாள் என்று போதகர்கள் இன்றைக்கும் வருத்தப்படுகிறார்கள். பாம்பாவது சுருக்கமாகப் பேசியது.

விளக்கக்காரரில் பல வகை உண்டு. சட்டத்தை விளக்குகிறவர், வியாதியை விளக்குகிறவர், சமையல் தெரியாமலே சமையலை விளக்குகிறவர். நாம் இங்கே பார்க்கப்போவது மண், நீர், காற்று, செடி, பூச்சி ஆகியவற்றை விளக்குகிற வகை. இவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். வாசலில் நின்று "மழை வரும்போல" என்று சொல்லிப் பாருங்கள். எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் உங்களைப் பார்ப்பார். அவர்தான். நமக்கெல்லாம் மழை பெய்யும். அவருக்கு மட்டும் நீர்ச் சுழற்சி நடக்கும்.

அயோவா மாநிலத்தில், மிசிசிப்பிக் கரையில், ஆல்டர் லேண்டிங் என்கிற எங்கள் சின்ன ஊருக்குக் கிடைத்தவர் மெர்வின் டால்பெர்க். வயது எழுபத்திரண்டு. முப்பத்தொரு வருஷம் மண் ஆய்வுக்காரர்களுக்குத் துளைபோடும் லாரி ஓட்டியவர். அவர்கள் பூமியில் குழாயை இறக்கி, உள்ளே இருந்து வந்த மண்ணை நீளமாகப் பலகையில் கிடத்தி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு பேர் சொல்லிக் குறித்துக்கொள்வார்கள். மெர்வின் பக்கத்தில் நின்று காப்பி குடித்தபடி எல்லாப் பேரையும் கேட்டுக்கொண்டார். குழாயில் வந்த மண்ணை அப்புறம் திருப்பிக் கொட்டிவிட்டார்கள். பேர்கள் மட்டும் மெர்வினுக்குள்ளேயே தங்கிவிட்டன.

அவர் விளக்க ஆரம்பிக்கும் முறை ஒரு சின்னச் சடங்கு. முதலில் ஒரு செருமல். பிறகு விதைக் கம்பெனி கொடுத்த பச்சைத் தொப்பியைக் கழற்றி, சொல்ல வேண்டியதெல்லாம் அதற்குள்ளே எழுதியிருப்பதுபோல உள்ளே ஒரு பார்வை. பிறகு தொப்பி தலைக்குப் போகும். பிறகு, "இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க." அதற்குப் பிறகு, மிகவும் அபாயமான வாக்கியம்: "சுருக்கமா சொல்றேன்." விவரம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டதும் நாற்காலி தேடுவார்கள்.

இடம், பொருள் பார்ப்பாரா? பார்க்க மாட்டார். ஒரு கல்யாணத்தில், படம் எடுக்கிறவர் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க, மணப்பெண் கையிலிருந்த டெய்சியைக் காட்டி, "இது ஒரு பூ இல்லம்மா, நடுவுல மஞ்சளா இருக்கே, அது ஒவ்வொண்ணும் தனித்தனிப் பூ, கணக்குப் போட்டா இருநூறு பூவுக்கு மேல வரும்" என்று ஆரம்பித்து, இதழ் என்று நாம் நினைப்பது இதழே இல்லை என்கிற இடத்துக்கு அவர் வந்து சேர்வதற்குள் வெளிச்சம் போய்விட்டது. அந்தப் படத்தில் மணப்பெண் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. பூவைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னொரு நாள் ஒரு அடக்கத்தில், போதகர் "மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று கண்மூடிச் சொல்லும்போது, மெர்வின் விதவையின் காதருகே குனிந்து, "திரும்ப முடியாதும்மா. மக்கணும்னா காத்து வேணும், புழு வேணும். இப்படி சிமெண்டுப் பெட்டிக்குள்ள வெச்சா எப்படித் திரும்புவாரு?" என்றார். பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த அம்மாள் ஒரு மாதம் தூங்கவில்லை.

கெட்ட மனசு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விளக்கக்காரர்களில் கெட்டவர்கள் குறைவு. கெட்டவர்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

இப்போது லவோன் ஹெக். ஐம்பத்தெட்டு வயது, கோயில் சமையலறைக்குப் பொறுப்பு, கணவர் ஜீன் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டுகிறவர். ஆற்றைத் தடுக்கிற மண்கரைக்கு இந்தப் பக்கம் முதல் வீடு அவளுடையது. முதல் வீடு என்றால் வெள்ளத்துக்கும் முதல் வீடு. மூன்று தடவை தண்ணீர் ஜன்னல் வரைக்கும் வந்து போயிருக்கிறது. மூன்று தடவையும் சேற்றை வாரி, பலகையைப் பிய்த்து, பூசணம் பிடித்த சுவரை ப்ளீச் போட்டுத் தேய்த்து, மறுபடி குடியேறியவள். மூன்றாவது தடவை முடிந்ததும் ஈரத் தரையில் முழங்கால் போட்டு அவள் செய்த ஜெபம் ஊரறிந்தது: "கர்த்தாவே, உமக்குச் சித்தமானா வெள்ளம் வரட்டும். ஆனா இன்னொரு தடவை என்னால சுவர் தேய்க்க முடியாது. இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க."

அவளுக்கு மெர்வினோடு ஒரு பழைய வழக்கு வேறு இருந்தது.

"நூறாண்டு வெள்ளம்னுதான சொன்னாங்க? எனக்கு அறுபது வயசு ஆகல, மூணு பாத்துட்டேன். அப்ப எனக்கு என்ன முந்நூறு வயசா?"

"இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, லவோன். அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது இல்ல. ஒரு பைக்குள்ள நூறு கோலிக்குண்டு. தொண்ணூத்தொம்பது வெள்ளை, ஒண்ணு கறுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை கைய விட்டு எடுக்கறே. எடுத்ததைத் திருப்பி உள்ள போட்டுடறே. கறுப்பு வந்தா வெள்ளம்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் கறுப்பாவே வருது?"

"அது வந்து..."

"எடுக்குறது யாரு? நீங்களா? கைய வெளிய எடுங்க முதல்ல."

அந்த மார்ச்சில் கோயிலின் கீழ்த்தளத்தில் ஊர்ச் சாப்பாடு. காலையிலிருந்து நின்றபடியே சமைத்துப் பரிமாறிய லவோன், எல்லோரும் எழுந்த பிறகு, தனக்கென்று ஒரு தட்டில் வறுத்த மாட்டிறைச்சி, மசித்த உருளைக்கிழங்கு, மேலே இறைச்சிச் சாறு, ஓரத்தில் பச்சைப் பட்டாணி போட்டுக்கொண்டு, காலணியை உதறிவிட்டு உட்கார்ந்தாள். முள்கரண்டியை எடுத்திருப்பாள். எதிரில் ஒரு செருமல் கேட்டது.

"வடக்க இன்னும் மூணடி பனி கிடக்கு. அது உருகி இங்க வர்றப்ப என்ன ஆகும்னு சுருக்கமா சொல்றேன்" என்றபடி மெர்வின் அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உருளைக்கிழங்கு ஆற்றங்கரை ஆயிற்று. ஒரு பக்கம் சாறு, அது ஆறு. மறு பக்கம் பட்டாணி, அது வீடுகள். "எல்லாரும் ஆறு கரைக்கு மேல வழியும்னுதான் பயப்படறாங்க. பாரும்மா, இங்க பாரு. மேல வழியல. ஆனா கிழங்குக்கு அடியில போகுது. போய் எங்க வருது? பட்டாணிகிட்ட! கொப்புளம் மாதிரி எழும்புது பாரு. ஆத்துல இது நடந்தா தண்ணியோட அடிமணலும் அரிச்சுக்கிட்டு வரும். அரிச்சு அரிச்சு, கரைக்கு அடியில வெத்திடமாகி, ஒரு நேரம் கரை அப்படியே உக்காந்துடும். இதுக்குப் பேரு மணல் கொதிப்பு. இதுக்குக் காரணமான அடிக்கசிவு இருக்கே, அது..."

மெர்வினின் மனைவி ஆர்லிஸ் தொலைவில் மேசை துடைத்துக்கொண்டே குரல் கொடுத்தாள். "மெர்வ், அவளைச் சாப்பிட விடு."

"ஒரு நிமிஷம், ஆர்லிஸ்."

"உன் ஒரு நிமிஷத்துலதான் எனக்கு நரைச்சுது."

லவோன் தட்டைத் திரும்பப் பெற்றபோது இறைச்சி ஜில்லென்றிருந்தது. வீடுகள் எல்லாம் மூழ்கியிருந்தன. அவள் ஒவ்வொரு வீடாகக் குத்திச் சாப்பிட்டாள். அந்த ஆறிய பட்டாணியின் ருசியை அவள் மறக்கவே இல்லை.

ஏப்ரலில் பனி உருகியது. ஆறு ஏறியது. உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை நடுப்பகலில் உச்சம் தொடும் என்று அறிவிப்பு வந்தது. கரையின் தலைக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கினால் தப்பலாம், அடுக்காவிட்டால் லவோன் மறுபடி சுவர் தேய்க்கலாம். ஜீனின் படகு செயிண்ட் லூயிஸ் பக்கத்தில் கட்டிக் கிடந்தது; ஆற்றை மூடிவிட்டதால் அவரால் வர முடியவில்லை. ஊர்த் தீயணைப்புத் தலைவன் டுவேன், பகலில் டிராக்டர் பழுது பார்க்கிறவன், காலை ஆறு மணிக்கே எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டான்.

மணல் மூட்டை வரிசையை நீங்கள் பார்த்ததில்லை என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அது மனிதர்களால் ஆன வாய்க்கால். இடப்பக்கத்து ஆள் கொடுப்பதை வாங்கி வலப்பக்கத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். யோசிக்கக் கூடாது. நடக்கக் கூடாது. ஒருவர் நின்றால் தெருமுனை வரை நின்றுபோகும்.

லவோனுக்கு வலப்பக்கம் யார் நின்றார் என்று நினைக்கிறீர்கள்?

அவள் நீட்டிய முதல் மூட்டையை மெர்வின் வாங்கி, குழந்தையை ஏந்துவதுபோல மார்போடு அணைத்து, விரலால் பையை நெருடிப் பார்த்தார். "நல்ல பருமணல். களிமண்ணு கலக்கல. ஏன் மூட்டையைப் பாதிதான் நிரப்பறோம், தெரியுமா லவோன்?"

"மெர்வின், மூட்டை."

"நிறைச்சுக் கட்டினா குண்டு குண்டா நிக்கும், நடுவுல சந்து விழும். பாதின்னா தலகாணி மாதிரி அமுங்கி..."

"மெர்வின்! மூட்டை!"

அவள் காலடியில் ஏழு மூட்டை சேர்ந்துவிட்டது. மேலே, கரையின் தலையில், வெறுங்கையோடு நின்றவர்கள் கீழே எட்டிப் பார்த்தார்கள். "என்னாச்சு? மணல் தீந்துடுச்சா?" என்று ஒருவர் கேட்டார். "மணல் இருக்கு, மெர்வினும் இருக்காரு" என்று பதில் வந்தது. வரிசை முழுவதும் சிரித்தது. சிரித்ததில் இன்னும் நான்கு மூட்டை தாமதம்.

டுவேன் ஓடி வந்தான். கோபப்படத் தெரியாத பையன், ஆனால் தந்திரம் தெரியும். "மெர்வின், உங்களை மாதிரி மண்ணு தெரிஞ்சவரு மூட்டை தூக்கறது ஊருக்கு நஷ்டம். கரைக்கு ஊர்ப்பக்கம், அடிவாரத்தோட ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க."

"எதைப் பாக்கணும்?"

"எல்லாத்தையும்."

மெர்வின் முகம் மலர்ந்துபோயிற்று. தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். வரிசை ஓட ஆரம்பித்தது. ஆர்லிஸ் டுவேனுக்கு ஒரு கோப்பை காப்பியும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து, "ஐம்பது வருஷமா இந்த யோசனை எனக்கு வரலையேப்பா" என்றாள்.

பத்தரை மணி இருக்கும். ஆறு கரையின் தலைக்கு ஒரு முழம் கீழே பழுப்பாக, சத்தமில்லாமல், மரக்கிளைகளைச் சுமந்துகொண்டு போனது. எல்லோர் கண்ணும் மேலே. அப்போது மெர்வின் ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. டுவேன் முன்னால் நின்று, மூச்சு வாங்கி, செருமி, தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து...

"சுருக்கமா சொல்றேன். ஒரு பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி, இந்தப் பக்கமெல்லாம் பனிப்பாறை உருகினப்ப..."

"அப்புறம், மெர்வின்."

"இல்ல டுவேன், அது கொண்டுவந்து கொட்டின மணல்மேல தான் நம்ம களிமண்ணு..."

"மெர்வின், சாமி, அப்புறம்!" டுவேன் மேலே ஏறிப் போய்விட்டான்.

விளக்கக்காரரின் துயரத்தை யோசித்துப் பாருங்கள். வீடு பற்றி எரிகிறது என்று சொல்ல வந்தாலும் அவர் நெருப்பு கண்டுபிடித்த நாளிலிருந்துதான் ஆரம்பிக்க முடியும். நடுவில் நுழைய அவருக்கு வாசலே கிடையாது. மெர்வின் வரிசையில் ஒவ்வொருவராகப் பார்த்தார். "பனிப்பாறை" என்றார். தலையைத் திருப்பிக்கொண்டார்கள். "அடிக்கசிவு" என்றார். மூட்டையை வாங்கி மூட்டையைக் கொடுத்தார்கள்.

லவோன் மட்டும் அவர் காலைப் பார்த்தாள். எங்கள் ஊர் மண் கறுப்பு. சக்கரத்திலும் பூட்ஸிலும் தார் மாதிரி ஒட்டும். மெர்வினின் பூட்ஸ்மேல் இருந்தது வெள்ளை மணல். கழுவினதுபோலச் சுத்தமான, ஈரமான மணல். இன்றைக்கு மூட்டை தவிர வேறெங்கும் அப்படி மணல் கிடையாதே?

அவள் வரிசையை விட்டு வெளியே வந்து, அவர் இரண்டு தோளையும் பிடித்தாள். "மெர்வின். என் முகத்தைப் பாருங்க. எங்க போயிருந்தீங்க?"

"உன் வீட்டுப் பின்பக்கம். துணி காயப்போடுற கம்பத்துக்கிட்ட. லவோன், அது எப்படின்னா, ஆத்தோட அழுத்தம்..."

"வேணாம். ஒரே வார்த்தை. ஒண்ணே ஒண்ணு. என்ன பாத்தீங்க?"

முப்பத்தொரு வருஷமாகச் சேர்த்த பேரெல்லாம் தொண்டைக்கு வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. எதை விடுவது, எதைச் சொல்வது? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. கடைசியில், அவர் வாழ்நாளில் முதல்முறையாக, எந்த மண்ணியல் புத்தகத்திலும் இல்லாத ஒரு வார்த்தையை எடுத்தார்.

"பட்டாணி."

லவோனுக்கு அந்த ஆறிய தட்டு கண்முன் வந்தது. பிறகு கத்தினாள். அந்தக் கத்தல் ஆற்றின் மறுகரைக்கே கேட்டிருக்கும். "டுவேன்! மேல இல்லடா, கீழ! என் கொல்லைக்கு வா! எல்லாரும் மூட்டையோட வாங்க!"

துணிக் கம்பத்துக்கு இரண்டடி தள்ளி, புல்லுக்கு நடுவில், கஞ்சி கொதிப்பதுபோலத் தண்ணீர் குமிழிட்டுக்கொண்டிருந்தது. சுற்றிலும் வெள்ளை மணல் எறும்புப் புற்றுபோலக் குவிந்து, பார்க்கப் பார்க்க வளர்ந்தது. மூட்டை பிடித்த கைக்கு யோசனை கிடையாது. ஓட்டை என்றால் அடைக்க வேண்டும். "மேல போடுங்க! நல்லா அமுக்கி மூடுங்க!" என்றான் டுவேன். நான்கு பேர் மூட்டையை ஓங்கிவிட்டார்கள்.

"கூடாது!" என்றார் மெர்வின். "ஏன்னா, நீர் அழுத்தத்துக்கு ஒரு..."

"மெர்வின், தள்ளுங்க."

லவோன் கொப்புளத்துக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். மெர்வினைத் திரும்பிப் பார்த்தாள். "மூடினா என்ன ஆகும்? சின்னதா சொல்லுங்க."

"வேற... வேற எடத்துல பிச்சுக்கும்."

"அப்ப என்ன பண்ணணும்?"

"சுத்தி. உயரமா. தண்ணி நிக்கட்டும்."

"கேட்டீங்களா?" லவோன் டுவேன் பக்கம் திரும்பினாள். "கொதிக்கிற பானைய மூடி அதுமேல ஏறி உக்காந்தா மூஞ்சில அடிக்கும்டா. நாற்பது வருஷமா அடுப்படியில நிக்கிறவ சொல்றேன். மூடாதீங்க. கிணத்துக்குக் கட்டுற மாதிரி சுத்திக் கட்டுங்க. உள்ள தண்ணி ஏறட்டும். ஏறுற தண்ணி கீழ வர்ற தண்ணிய அமுக்கும். சரியா, மெர்வின்?"

மெர்வின் வாயைத் திறந்தார். அவள் சொன்னதில் எட்டு விஷயம் விட்டுப்போயிருந்தது. அந்த எட்டும் அவர் முகத்தில் வரிசையாக வந்து போனது. "சரி" என்றார்.

அந்த ஒற்றைச் சொல்லுக்காகப் பரலோகத்தில் அவருக்குத் தனியாக ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வட்டம் எழுந்தது. முழங்கால் உயரம், தொடை உயரம், இடுப்பு உயரம். உள்ளே தண்ணீர் கலங்கலாக ஏறியது. பிறகு தெளிந்துகொண்டே ஏறியது. பிறகு மணல் வருவது நின்றுபோய், வட்டத்தின் வாயில் கண்ணாடிபோல வழிந்தது. மேலே போனவர்கள் மிச்ச மூட்டையையும் அடுக்கி முடித்தார்கள். நடுப்பகலில் ஆறு உச்சம் தொட்டது, ஒரு மணி நேரம் நின்று யோசித்தது, பிறகு ஒரு விரல் இறங்கியது. லவோனின் சுவர் காய்ந்தே இருந்தது.

மெர்வின் வட்டத்துக்குப் பக்கத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷம் பேசவே இல்லை. ஆர்லிஸ் பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "மெர்வ், உடம்புக்கு என்ன?"

அப்போதுதான் டுவேன் வந்தான். சேறு பூசிய முகத்தைத் துடைத்துக்கொண்டு வெட்கத்தோடு நின்றான். "மெர்வின்... இது எப்படி நின்னுது? எனக்கு ஒண்ணும் புரியல. கொஞ்சம் சொல்லுங்களேன்."

எழுபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவரைப் பார்த்து இப்படிக் கேட்டதில்லை. மெர்வின் செருமினார். தொப்பியைக் கழற்றி உள்ளே வெகுநேரம் பார்த்தார். "சுருக்கமா சொல்றேன்" என்றார்.

எல்லோரும் மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். ஆறு வடிகிற வரை எப்படியும் காவல் இருக்க வேண்டும். பனிப்பாறை உருகி முடியவே சாயங்காலம் ஆயிற்று.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லது.

மறுநாள் உயிர்த்தெழுதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காலைச் சாப்பாடு. மெர்வின் ஒரு மூலையில் அமைதியாகப் பன்றித்தொடை தின்றுகொண்டிருந்தார். பேசவேண்டியதை எல்லாம் நேற்றே பேசித் தீர்த்த நிம்மதி. ஒமாஹாவிலிருந்து பண்டிகைக்கு வந்திருந்த டுவேனின் மாமியார் பான்கேக்மேல் மேப்பிள் பாகை ஊற்றிக்கொண்டே, "கரை உயரமாத்தான இருந்துச்சு, அப்புறம் எப்படிங்க தண்ணி உங்க கொல்லைக்கு வந்துச்சு?" என்று லவோனிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தாள்.

லவோன் காப்பிக் கெட்டிலைக் கீழே வைத்தாள். இடுப்பில் கட்டிய சமையல் துணியில் கையைத் துடைத்தாள். ஒரு செருமல் கேட்டது.

"இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க" என்றபடி அந்த அம்மாளின் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இந்தப் பான்கேக்தான் கரைன்னு வெச்சுக்கோங்க. பாகு ஆறு. இந்தத் திராட்சை இருக்கே, இதுதான் என் வீடு..."

மூலையிலிருந்து மெர்வின் குரல் கொடுத்தார். "லவோன், அவங்களைச் சாப்பிட விடும்மா."

"ஒரு நிமிஷம், மெர்வின்."

பார்த்தீர்களா? தொட்டால் ஒட்டிக்கொள்கிற வியாதி இது. நீங்கள் சிரிக்க வேண்டாம். இதை வாசிக்க உட்காரும்போது மணல் கொதிப்பு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும். ஏன் மூடக் கூடாது, ஏன் சுற்றிக் கட்ட வேண்டும், மூட்டையை ஏன் பாதிதான் நிரப்ப வேண்டும், எல்லாம் தெரியும். இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது சோற்றைக் குவிப்பீர்கள், நடுவில் குழி பறிப்பீர்கள், ரசத்தை ஊற்றுவீர்கள். ரசம் மேலே வழியாது. அடியில் கசிந்து, அப்பளத்துக்குப் பக்கத்தில் மெல்லத் தலை காட்டும். அப்போது பக்கத்து இலைக்காரரை ஒருமுறை பார்ப்பீர்கள்.

செருமாதீர்கள். தயவுசெய்து. அவராவது சூடாகச் சாப்பிடட்டும்.